மிதக்கும் அரிசியும் மிதக்கும் செய்தியும்

சொந்த ஊரை விட்டு வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு உணவு என்பது பசி தீர்க்கும் பொருள் மட்டுமன்று. ஊரின் நினைவும் அதுவே. ஆதலால் உணவைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நாம் காது கொடுத்துக் கேட்கிறோம். அச்செய்தி ஊரிலிருந்து, உறவினரிடமிருந்து, அதுவும் தமிழிலேயே கைப்பேசியில் வந்து சேருமானால் ஐயுறுவதற்கே நமக்கு மனம் வருவதில்லை. இப்படி வரும் செய்திகளை எவ்வாறு எடை போடுவது என்பதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். நான் செய்த பிழை ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் நான் குடியிருக்கிறேன். 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டு அம்மையார் ஒரு பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். பாத்திரத்தில் ரேஷன் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. நீரின்மேல் சில மணிகள் மட்டும் மிதந்தன. அவை மற்ற அரிசியைவிடச் சற்று மங்கிய நிறமாகவும் இருந்தன.

“அண்ணா, நீங்க படிச்சவங்க. இது பிளாஸ்டிக் அரிசிதானே? ஊரிலேருந்து தம்பி வீடியோ அனுப்பியிருக்கான்” என்றார்.

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் படித்தவன் என்ற பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே! பாத்திரத்தை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, “இருக்கலாம் அம்மா” என்றேன். அன்று மாலைக்குள் அந்த மாதத்து அரிசி முழுவதும் குப்பைக்குப் போயிற்று. மளிகைக் கடையில் கடன் சொல்லி அவர் வேறு அரிசி வாங்கினார். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் அரிசி கொட்டப்பட்டது. “எதிர்வீட்டு சாரே பார்த்துச் சொல்லிட்டார்” என்பது அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. நான் சொன்ன ‘இருக்கலாம்’, தெருமுனையைத் தாண்டுவதற்குள் ‘ஆம்’ ஆகிவிட்டது.

மறுநாள்தான் நான் விசாரிக்கத் தொடங்கினேன். கொட்டிய பின் விசாரித்து என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே.

மிதந்தது எது?

நாட்டில் இரத்தசோகை மிகுதி. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தெரியவந்தது. இதைக் குறைக்கும் முயற்சிகளுள் ஒன்றாக, அரசுத் திட்டங்களின் வழியே வழங்கப்படும் அரிசி முழுவதும் 2024ஆம் ஆண்டுக்குள் செறிவூட்டப்படும் என்று பிரதமர் 2021ஆம் ஆண்டு சுதந்திர தின உரையில் அறிவித்தார். அதன்படி கட்டங்கட்டமாக ரேஷன் கடைகளுக்கு அந்த அரிசி வந்து சேர்ந்தது.

செறிவூட்டும் முறை எளியதே. அரிசியை மாவாக்குகிறார்கள். அதில் இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி-12 ஆகியவற்றைக் கலந்து பிசைகிறார்கள். நம் வீட்டில் இடியாப்பம் பிழிவதுபோல் இயந்திரத்தில் பிழிந்து, அரிசி மணியின் அளவிலேயே நறுக்கி உலர்த்துகிறார்கள். இவ்வாறு செய்த மணி 1 கிலோவைச் சாதாரண அரிசி 100 கிலோவுடன் கலக்கிறார்கள். கலந்த பின் 1 கிலோ அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்புச்சத்து இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்த விதி.

வயலில் விளைந்த மணிக்கும் மாவிலிருந்து வார்த்த மணிக்கும் நிறத்திலும் இறுக்கத்திலும் சிறு வேற்றுமை உண்டு. ஆகவே அவற்றுள் சில நீரில் மிதக்கும். எதிர்வீட்டுப் பாத்திரத்தில் மிதந்தவை அவையே. கொட்டப்பட்டது நஞ்சன்று, அந்த வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டுமென்று சேர்க்கப்பட்ட இரும்புச்சத்தே குப்பைக்குப் போயிற்று.

பிளாஸ்டிக் அரிசி என்னும் வதந்தி புதியதன்று. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் முதலிய மாநிலங்களில் அது பெருவேகத்தில் பரவியது. சோற்றைப் பந்தாக உருட்டித் தரையில் எறிந்தால் துள்ளுகிறது என்று படம் காட்டினார்கள். சோறு துள்ளுவதற்குக் காரணம் அதிலுள்ள மாவுச்சத்து. வெந்த மாவுச்சத்து பசைபோல் ஒட்டிக்கொண்டு காற்றையும் உள்ளடக்கிக்கொள்ளும். இறுக்கி உருட்டினால் எந்த நல்ல சோறும் சிறிது துள்ளத்தான் செய்யும்.

சற்று நிதானித்து யோசித்திருந்தால், ஆய்வுக்கூடத்தின் துணையில்லாமலே மூன்று கேள்விகள் நமக்குத் தோன்றியிருக்கும். பிளாஸ்டிக் மூலப்பொருளின் விலை ரேஷன் அரிசியின் விலையைவிட அதிகம். விலை கூடிய பொருளை விலை குறைந்த பொருளில் கலந்து இலாபம் காண்பவன் எவன்? கலப்படக்காரன் நூற்றுக்கு ஒன்று மட்டும் கலந்து மனநிறைவு அடைவானா? பிளாஸ்டிக் நீரை உறிஞ்சி வெந்து சோறாகுமா? இக்கேள்விகளுக்குப் பட்டம் தேவையில்லை. ஆனால் அச்சம் வந்துவிட்டால் கேள்வி வராது. என் அனுபவமும் அதுவே.

சுவரில் கன்னடம், கையில் தமிழ்

இந்தப் பிழைக்கு நாம் ஏன் எளிதில் ஆளாகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செறிவூட்டிய அரிசியைப் பற்றிய அறிவிப்பு எங்கள் பகுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. நான் பின்னால் சென்று பார்த்தேன். அது கன்னடத்தில் இருந்தது. இருக்க வேண்டியதும் அம்மொழியிலேதான். எதிர்வீட்டு அம்மையார் கன்னடம் தடையின்றிப் பேசுவார், படிக்கத் தெரியாது. அவருக்குப் படிக்கவும் கேட்கவும் தமிழில் கிடைத்தது கைப்பேசியில் வந்த காணொளி ஒன்றே.

பம்பாயில் மராத்தி அறிவிப்பின் முன்னும், சூரத்தில் குஜராத்தி அறிவிப்பின் முன்னும், தில்லியில் இந்தி அறிவிப்பின் முன்னும் நிற்கும் தமிழர்க்கு இந்த நிலை புரியும். உண்மை நமக்கு அயல்மொழியில் சுவரில் ஒட்டியிருக்கிறது. பொய் தாய்மொழியில் வீடு தேடி வருகிறது. நாம் ஏமாறுவது அறிவுக் குறைவால் அன்று, இந்த ஏற்றத்தாழ்வால்தான். ஆகவே உள்ளூர் மொழியைப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும், அதுவும் பள்ளியில் அம்மொழியைக் கற்கும் நம் பிள்ளைகள், தெருவில் உள்ள மற்றவர்க்கு அறிவிப்புகளைப் படித்துச் சொல்வது பெருந்தொண்டு. அந்தத் தெருவில் கன்னடம் படிக்கத் தெரிந்த நான் அதைச் செய்யவில்லை என்பதும் என் பிழைக் கணக்கில் சேரும்.

உதிர்ந்து போகும் சொற்கள்

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வது என் தொழில். இத்தொழிலில் முதன்முதல் கற்கும் பாடம் ஒன்று உண்டு. பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் எளிதில் தொலைவதில்லை. தொலைபவை சிறு சொற்களே: ‘கூடும்’, ‘சில’, ‘அதிக அளவில்’, ‘நெடுங்காலம்’, ‘தவிர’ என்பன.

ஓர் ஆராய்ச்சியாளர், “இப்பொருளை மிக அதிக அளவில் நெடுங்காலம் ஊட்டிய எலிகள் சிலவற்றில் கட்டிகள் தோன்றின, மனிதர்க்கும் இத்தொடர்பு இருக்கக்கூடும், மேலும் ஆராய வேண்டும்” என்று எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். முதலில் எடுத்துச் சொல்பவர் எலிகளை விட்டுவிடுகிறார். அடுத்தவர் அளவை விட்டுவிடுகிறார். மூன்றாமவர் ‘கூடும்’ என்பதை விட்டுவிடுகிறார். நம் கைப்பேசிக்கு வரும்பொழுது, “இதை உண்டால் புற்றுநோய் நிச்சயம், உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்” என்பது மட்டும் மிஞ்சுகிறது. இதில் யாரும் முழுப்பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு சிறு சொல்லை உதிர்த்தார்கள், அவ்வளவே. உணவைப் பற்றி உலவும் தவறான செய்திகளுள் பல, இவ்வாறு அளவையும் ஐயத்தையும் இழந்துவிட்ட உண்மைகளே. உதிர்ந்த சொல்லை மீண்டும் தேடி ஒட்டிப் பார்ப்பதே அவற்றைச் சோதிக்கும் வழி.

குன்னூரில் கற்ற பாடம்

உணவைப் பற்றிய மெய்யான அறிவு எவ்வாறு பிறக்கிறது என்பதற்கு நம் மண்ணிலேயே நல்ல சான்று உண்டு. ஐதராபாத்தில் இன்று விளங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918ஆம் ஆண்டு நீலகிரியின் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் ஒரு சிறு அறையில் தொடங்கிய ஆராய்ச்சியின் வளர்ச்சியே. அன்று அதன் நோக்கம் பெரிபெரி என்னும் நோயை ஆராய்வது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மக்கள் மாண்டுகொண்டிருந்த காலம் அது.

அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஜாவாவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், நன்கு தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் நோயுற்றதையும், தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் அவை தேறியதையும் கண்டார். பின்னர் அத்தீவின் நூற்றுக்கு மேற்பட்ட சிறைச்சாலைகளில் எந்த அரிசி உண்டவர்க்கு நோய் வந்தது, எந்த அரிசி உண்டவர்க்கு வரவில்லை என்று கணக்கெடுத்துப் பார்த்தார்கள். தீட்டிய அரிசி உண்ட சிறைகளிலேயே நோய் மிகுந்திருந்தது. நம் நாட்டிலும் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டவரிடையே பெரிபெரி மிகுந்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. நெல்லைப் புழுக்கும்பொழுது தவிட்டிலுள்ள தயமின் என்னும் வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது காரணம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். “என் பாட்டி புழுங்கலரிசி உண்டார், தொண்ணூறு வயது வாழ்ந்தார்” என்று யாரும் முடிவு கட்டவில்லை. உண்டவரையும் உண்ணாதவரையும் ஒப்பிட்டார்கள், எண்ணினார்கள், காரணத்தைத் தேடி மீண்டும் சோதித்தார்கள். நம் முன்னோரின் வழக்கம் சரியென்றே முடிந்தது. ஆனால் அது பழையது என்பதற்காக அன்று, சோதனையில் தேறியதற்காகவே அது சரியென்று ஏற்கப்பட்டது. குன்னூர் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்த அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து அளவுகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார். அந்த மரபில் வந்த புதிய பட்டியல் 2017இல் ஐதராபாத்திலிருந்து வெளியாயிற்று. வீட்டில் கேழ்வரகா, வெல்லமா என்று வாதம் எழும்பொழுது துணை நிற்பவை இத்தகைய பட்டியல்களே.

நான்கு கேள்விகள்

செய்தி ஒன்று வந்தால் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம்.

முதற்கேள்வி: எவ்வளவு? வெல்லத்தில் இரும்புச்சத்து உண்டு. ஆகவே சர்க்கரைக்குப் பதில் வெல்லம் இட்டால் இரத்தசோகை தீரும் என்பது பெருவழக்கான செய்தி. வெல்லத்தில் இரும்புச்சத்து இருப்பது மெய்தான். 100 கிராம் வெல்லத்தில் ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிகிராம் இருக்கும். காப்பியில் இரண்டு கரண்டி, அதாவது 10 கிராம் இட்டால் கிடைப்பது அரை மில்லிகிராம். 2020ஆம் ஆண்டின் இந்தியப் பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு வேண்டியது 29 மில்லிகிராம். கணக்குப் போட்டவுடன் செய்தியின் உயரம் குறைந்துவிடுகிறதன்றோ? அதே 100 கிராம் வெல்லத்தில் சுமார் 85 கிராம் மாவுச் சர்க்கரைப் பொருளே. நீரிழிவுள்ளவர்க்கு நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரையே. உலக சுகாதார நிறுவனம் தேனையும், நாள்தோறும் 50 கிராமுக்குள் அடக்கிக்கொள்ள வேண்டிய சர்க்கரைக் கணக்கிலேயே சேர்த்துள்ளது.

இரண்டாம் கேள்வி: எதனோடு ஒப்பிட்டு? தருமபுரிக் களியும் கர்நாடகத்து முத்தையும் ஒரே கேழ்வரகின் இரு பெயர்கள். கேழ்வரகு நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. 100 கிராமில் சுமார் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதே எடைப் பசும்பாலில் இருப்பது சுமார் 120. ஆனால், “கேழ்வரகு உண்டால் சர்க்கரை ஏறாது, எவ்வளவும் உண்ணலாம்” என்று வரும் செய்தியை அரிசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கேழ்வரகில் சுமார் 67 கிராம். வேற்றுமை உண்டு, ஆயினும் அது எல்லையற்று உண்பதற்கு விடுக்கப்பட்ட அழைப்பன்று.

மூன்றாம் கேள்வி: எத்தனையில் எத்தனை? 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பெங்களூருக் கேக்குகளில் புற்றுநோய்ப் பொருள் என்ற செய்தி பறந்தது. கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை சோதித்த மாதிரிகள் 235. அவற்றுள் 223 பாதுகாப்பானவை என்று முடிவு வந்தது. 12இல் மட்டும் தீங்கு தரும் செயற்கை நிறங்கள் காணப்பட்டன. பன்னிரண்டும் குற்றமே, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் “கேக்கில் நஞ்சு” என்பது ஒரு செய்தி. “235இல் 12” என்பது மற்றொரு செய்தி. முன்னது அச்சத்தைத் தருகிறது. பின்னது, பளபளக்கும் நிறத்தைத் தவிர்ப்போம் என்ற எச்சரிக்கையைத் தருகிறது.

நான்காம் கேள்வி: யாருக்கு இலாபம்? “மருத்துவர்கள் மறைக்கும் இரகசியம்” என்று தொடங்கும் காணொளி, முடிவில் ஒரு பொடியையோ எண்ணெயையோ விற்பதைப் பலகாலும் காணலாம். விற்பவர் சொல்வதெல்லாம் பொய் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் விற்பவரே சாட்சியாகவும் நீதிபதியாகவும் அமரும் வழக்கில் தீர்ப்பை ஏற்கச் சற்றுத் தயங்குவது முறை.

ஐயமும் அளவோடு

இங்கே ஒரு மறுப்பு எழலாம். “அப்படியானால் கைப்பேசியில் வருவதெல்லாம் பொய்; அரசும் பெரு நிறுவனங்களும் சொல்வதெல்லாம் மெய் என்கிறீர்களா?” என்று கேட்கலாம். அவ்வாறு நான் கூறவில்லை.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும், துணிக்கு இடும் சாயமான ரோடமைன்-பி கலந்திருந்தமையால் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தன. அடுத்த மாதம் கர்நாடகத்தில் சோதித்த கோபி மஞ்சூரியன் மாதிரிகள் 171இல் 107உம், பஞ்சுமிட்டாய் மாதிரிகள் 25இல் 15உம் உண்ணத் தகாத நிறமிகளைக் கொண்டிருந்தன. நிறமிகளுக்குத் தடை வந்தது. அந்த அச்சம் நியாயமான அச்சம். பிள்ளைகளுக்கான பானங்களில் சர்க்கரை மிகுதி என்று சமூக ஊடகத்தில் ஒருவர் 2023இல் எழுப்பிய குரலும் வீண்போகவில்லை. ‘ஆரோக்கிய பானம்’ என்ற வகையே உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்று கூறி, அத்தலைப்பின் கீழ் அப்பானங்களைக் காட்ட வேண்டாமென்று மத்திய வர்த்தக அமைச்சகம் 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் இணைய வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. குரல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, சோதனையில் நின்றதா என்பதே கேள்வி.

செறிவூட்டிய அரிசியைப் பற்றியுமே மெய்யான விவாதம் ஒன்று உண்டு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஊட்டச்சத்து அறிஞர் அனுரா குர்பட் முதலியோர், தேவை உள்ளவர் இல்லாதவர் அனைவருக்கும் உணவின் வழியே இரும்புச்சத்தைச் சேர்ப்பது தகுமா, பல திட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்பொழுது அளவு மிகாதா என்று வினா எழுப்பினர். தலசீமியா போன்ற இரத்த நோயுள்ளவர்கள் இரும்புச்சத்தைப் பற்றித் தம் மருத்துவரைக் கேட்டறிவதும் அவசியம். இவை அளவைப் பற்றிய, ஆளைப் பற்றிய கேள்விகள். விடை காணத்தக்க கேள்விகள். ‘பிளாஸ்டிக்’ என்ற கூச்சல் செய்த பெருந்தீங்கு எது தெரியுமா? கேட்க வேண்டிய இந்த நல்ல கேள்விகள் நம் தெருவுக்கு வராமலே போயின.

வதந்தியின் விலை

வீண் அச்சத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் எளியவரே. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோழியின் வழியே கொரோனா பரவுகிறது என்ற வதந்தி நாடெங்கும் கிளம்பியது. அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை என்று அறிஞர் கூறியும் பயனில்லை. கோழி விலை சரிந்தது. நாமக்கல் பண்ணையாளர் கலங்கினர். கர்நாடகத்தில், தீவனத்துக்கும் வழியின்றிப் பண்ணையாளர் சிலர் கோழிகளை உயிருடன் குழியில் புதைத்தனர். மலிவாகக் கிடைத்த புரத உணவை ஏழைக் குடும்பங்கள் அஞ்சி விலக்கின.

இதனினும் கொடியது, மருந்தை நிறுத்தச் சொல்லும் செய்தி. சீரகத் தண்ணீர் குடித்தால் நீரிழிவு மாத்திரை வேண்டாம், பூண்டு தின்றால் இரத்த அழுத்த மாத்திரை வேண்டாம் என்பவை அத்தகையன. சீரகமும் பூண்டும் நம் அடுக்களையின் அணிகலன்கள். உணவாக உண்பதில் தடையில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் அதை எழுதிக்கொடுத்த மருத்துவரின் பொறுப்பு. இந்த ஒன்றில் மட்டும் எவருடைய காணொளிக்கும் இடங்கொடாதீர்கள்.

செய்யத்தக்கவை

செய்தி வந்தவுடன் அனுப்பாமல் ஒரு நாள் வைத்திருங்கள். மெய்யான செய்தி மறுநாளும் மெய்யாகவே இருக்கும். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வருவது குறைந்தது ஐந்து கைகள் மாறி வந்த செய்தி. அத்தனை கை மாறியதில் எத்தனை சொல் உதிர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பொட்டலங்களில் முன்பக்கத்துப் படத்தைவிடப் பின்பக்கத்துச் சத்துப் பட்டியலையும், 14 இலக்க உரிம எண்ணையும் பாருங்கள். கலப்படம் என்று ஐயம் எழுந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800112100இல் முறையிடலாம். பொருளைக் கொட்டிவிடாமல் சிறிது எடுத்து வைத்திருங்கள். மாதிரி இருந்தால்தான் சோதனை நடைபெறும்.

செய்தி அனுப்பிய மாமாவையோ பெரியம்மாவையோ பலர் முன்னிலையில் இடித்துரைக்க வேண்டா. அவர்கள் அனுப்பியது பொய்யை அன்று, அன்பையே அனுப்பினார்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளை நலமாக உண்ண வேண்டும் என்னும் கவலை அதில் இருக்கிறது. தனியே பேசி, “மாமா, இதில் எவ்வளவு என்று சொல்லவில்லையே, விசாரித்துச் சொல்கிறேன்” என்றால் போதும்.

நான் விசாரித்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு அந்த வாரமே எதிர்வீட்டுக்குச் சென்றேன். நான் சொன்னது தவறு என்றேன். அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணா. கடைக்காரரையே போய்க் கேட்டிருப்பேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை; அதனால்தான் அச்சொல் இன்னும் என் மனத்தில் நிற்கிறது. மளிகைக் கடைக் கடனை நான் அடைக்க முன்வந்தபொழுது அவர் ஏற்கவில்லை. அடுத்த மாதம் ரேஷன் கடைக்குச் சென்றபோது, சுவரிலிருந்த அறிவிப்பை என்னையே படித்துச் சொல்லச் சொன்னார். வரிசையில் நின்ற தமிழர் சிலரும் கேட்டனர்.

நேயர்களே, நமக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், அளவு என்ன என்று கேட்கவும் கற்றுக்கொண்டால் நம் உலையில் ஏற வேண்டிய அரிசி குப்பைக்குப் போகாது.